நாற்பத்தொன்றாம் ஏட்டின் இரண்டாவது புள்ளி

அறுநூறு வருடமாகக் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் பங்காளிச் சண்டைக்கும் தப்பி வந்த ஒரு கையெழுத்துப் பிரதியை ஜம்ஷீத் தன் மீசையால் கெடுத்தார்.

இடம், ஈரானின் ஷிராஸ் நகரில் ஒரு பழைய அறக்கட்டளை நூலகம். திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வாசிப்பறைச் சுவரில் விதிகள் சட்டம் போட்டுத் தொங்கின. பேனா கொண்டுவரக் கூடாது. தேநீர் கூடாது. சூரியகாந்தி விதை கொறிக்கக் கூடாது. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு விசாரணை என்று வந்தால் இதைச் சொல்லித் தப்பிக்கலாமே என்று அந்த நிமிடத்திலேயே அவருக்குத் தோன்றியது. ஜம்ஷீத் எப்பேர்ப்பட்ட வீரர் என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

நடந்தது இதுதான். மதியம் நூலக முற்றத்தில் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, தங்கை மஹ்லகா கட்டிக் கொடுத்த ஃபெசன்ஜானைச் சாப்பிட்டார். அக்ரூட் பருப்பை அரைத்து, மாதுளைச் சாற்றுப் பாகில் கறுக்கும்வரை கொதிக்கவைத்த குழம்பு. வாயைத் துடைத்தார். மீசையையும் துடைத்ததாகத்தான் அவர் நினைப்பு. ஆனால் ஐம்பத்துநாலு வயது மீசை அது. தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். உள்ளே வந்து, நாற்பத்தொன்றாம் ஏட்டைத் திறந்து, மூக்கு தாளைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். தேடிய வரி கண்ணில் பட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் ஒரு சின்னத் துளி கீழே விழுந்தது.

அவர் ஏன் பெருமூச்சு விட்டார் என்பதைச் சொல்லவேண்டும். கதையே அதுதான்.

நீம்ரூஸி என்று ஒரு கவிஞர். நண்பகல்காரர் என்று அர்த்தம் வரும் புனைபெயர். இருநூற்றுப் பன்னிரண்டு கஸல் பாடியவர். அவருடைய கஸல் ஒன்றில் இப்படி ஒரு வரி வருகிறது:

கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் உன் தெருவின் மணத்தை
என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது...

எது கொண்டுவந்தது? அதில்தான் வழக்கு. பாரசீகத்தில் பாத் என்றால் காற்று. யாத் என்றால் நினைவு. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே உடம்பு. முதல் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி இருந்தால் காற்று, இரண்டு இருந்தால் நினைவு. பிற்காலப் பிரதிகள் ஐந்தில் மூன்று காற்று என்கின்றன, இரண்டு நினைவு என்கின்றன. சந்தத்துக்கு இரண்டும் பொருந்தும்.

பல்கலைக்கழகத்தில் கவிதை நடத்தும் ஜம்ஷீத் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புத்தகம் எழுதினார். 'சாத்திய கதவின் கவிஞன்' என்று பெயர். நீம்ரூஸி தன் வாழ்வின் பிற்பகுதியில் வெளியுலகத்துக்குக் கதவடைத்துவிட்டார், அதற்குப் பிறகு அவர் கவிதையில் வருவதெல்லாம் உள்ளே இருப்பதுதான், அதற்குச் சாட்சி இந்த 'நினைவு' என்பது வாதம். மூன்று அத்தியாயம் அந்த ஒரு சொல்லின் தலைமேல் நின்றது. புத்தகம் ஒல்லியாக இருக்கிறது என்று பதிப்பாளர் முகம் சுளித்ததால் நாலாவதாக ஒன்றை அவசரமாக எழுதிச் சேர்த்தார். அதை நினைத்தால் அவருக்கே வெட்கம்.

எதிர்க்கட்சியில் இருப்பவர் தூரான் கானும். கானும் என்றால் அம்மையார். எழுபத்துமூன்று வயது, ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒரு காலத்தில் ஜம்ஷீத்தின் ஆசிரியை. முப்பது வருடமாக நீம்ரூஸிக்குச் செம்பதிப்பு தயாரிக்கிறார். அவருக்கு அது காற்று. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டில் கஸல் வாசிக்கும் கூட்டம் நடக்கும். ஜம்ஷீத் தவறாமல் போவார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, என் புத்தகத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்பார். கானும் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி, "உங்க கை வலிக்காம இருக்கட்டும் உஸ்தாத்," என்பார். உஸ்தாத் என்றால் ஆசான்; மீதி உழைத்தவருக்குச் சொல்லும் உபசார வார்த்தை. கிணறு வெட்டினவருக்கும் அதேதான், கீரை நறுக்கினவருக்கும் அதேதான். பதினெட்டு வருடமாக ஜம்ஷீத்தின் கை வலிக்கவில்லை. மனசுதான்.

இப்படி இருக்கும்போதுதான் காஸ்ரூனில் ஒரு குடும்பத்துப் பெட்டியிலிருந்து, கவிஞர் இறந்து இருபதே வருடத்தில் எழுதிய பிரதி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. மற்ற எல்லாப் பிரதிக்கும் தாத்தா. செம்பதிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போவதாக இருந்தது. தூரான் கானும் அச்சகத்தை நிறுத்திவைத்துவிட்டு, வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பழைய பிரதி என்ன சொல்லுதோ அதைத்தான் அச்சடிப்பேன். ரெண்டு புள்ளின்னா என் முப்பது வருஷத்து முன்னுரையைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதறேன்." செவ்வாய்க்கிழமை காலை பார்க்க வருவதாக ஏற்பாடு. ஜம்ஷீத்துக்கு அதுவரை பொறுக்கவில்லை. ஒரு நாள் முந்திக்கொண்டார்.

பார்த்தார். ஒரே ஒரு புள்ளி. பழுப்பு மையில், குண்டாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். அப்போதுதான் அந்தப் பெருமூச்சு. மூன்று அத்தியாயத்தின் உயிர் அதில் போனது. அதே மூச்சில் விழுந்த குழம்புத் துளி, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசினாற்போலப் போய் உட்கார்ந்தது. அளவும் அதுவே, நிறமும் அதுவே. கைக்குட்டையின் நுனியால் ஒற்றப் போனார். அறுநூறு வருடத் தாகம் அந்தத் தாளுக்கு; அவர் கை போய்ச் சேர்வதற்குள் குடித்துவிட்டது. வேண்டுமென்றே ஒரு வருடம் பயிற்சி எடுத்திருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வைத்திருக்க முடியாது.

நாலு விநாடி தோற்றுப்போன மனிதராக இருந்தார். ஐந்தாவது விநாடியில் ஜெயித்திருந்தார்.

நூலகக் காப்பாளர் ஹாஜி பெஹ்பூதி சாவிக்கொத்து குலுங்க உள்ளே வந்தார். அந்தப் பிரதிக்காக மூன்று மாதம் காஸ்ரூனுக்கு நடையாய் நடந்து, அந்தக் குடும்பத்தின் கல்யாணம் கருமாதி எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுந்து வாங்கி வந்தவர் அவர். பூட்டிய கதவைத் திறந்து, மறுபடி பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற ரகம்.

"என்ன உஸ்தாத், ஒண்ணா ரெண்டா?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததும் உண்மை. ஆனால் வெளியே வந்தது, "இப்போ ரெண்டு இருக்கு," என்பது.

அந்த 'இப்போ'வை ஹாஜி கவனிக்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். "உங்க நிழல் எங்க தலைமேல குறையாம இருக்கட்டும். பதினெட்டு வருஷமாச் சொல்றீங்க, நாங்கதான் நம்பலை," என்றார். பிறகு ஜம்ஷீத் கோட்டை மாட்டுவதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். சாவியைப் பூட்டி வைக்கத் தெரிந்தவருக்கு வாயைப் பூட்டத் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஷிராஸில் நீம்ரூஸி படிக்கிற பதினாறு பேருக்கும் சேதி போய்விட்டது. பதினொரு பேர் வீட்டுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்கள். துறைத்தலைவர் ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார். ஐந்து வருடமாகப் பேசாமலிருந்த ஒருவர், உங்கள் புத்தகத்தை மறுபதிப்புப் போட வேண்டும் என்றார். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஜம்ஷீத், "எல்லாம் உங்கள மாதிரிப் பெரியவங்க தயவு," என்று பதில் சொன்னார். அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி.

மஹ்லகா சாப்பாடு விரித்தாள். மதியத்து ஃபெசன்ஜானில் மிச்சமிருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மஹ்லகா, ஒருத்தன் தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டான்னு வெச்சுக்கோ. அந்தத் தப்பு அவனுக்கே சாதகமாப் போயிடுச்சு. அவன் சொல்லணுமா, வேண்டாமா?"

மஹ்லகா அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "கடவுள் உன்னை எங்களுக்காக நல்லா வெச்சிருக்கட்டும் அண்ணா," என்றாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

இந்த ஊரில் ஒரு நேரடிப் பதிலை வாங்குவதைவிடப் பாறையில் எண்ணெய் எடுப்பது சுலபம். எடுக்கவும் எடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாவு வியாபாரியிடமும் கேட்டார். என் கண்ணுமேல கால வெச்சு உள்ள வாங்க என்று உபசரித்தார் அவர். பதில் வரவில்லை, தர்பூசணி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசலில் மூன்று பேரும் சந்தித்தார்கள். யார் முதலில் உள்ளே போவது என்பதில் ஐந்து நிமிடம் போனது. நீங்க முதல்ல, ஐயோ உங்களுக்கு முன்னாடி நானா, வயசில பெரியவங்க, அறிவில பெரியவர், இன்னிக்கு உங்க நாள் உஸ்தாத். கடைசி வார்த்தையைச் சொன்னது தூரான் கானும்தான். அதில் கேலி இருக்கிறதா என்று ஜம்ஷீத் குரலைத் துருவிப் பார்த்தார். கவிதையில் தொனி என்று ஒரு வருடம் பாடம் நடத்துகிறவர். ஒன்றும் பிடிபடவில்லை.

கானும் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் அறுவைசிகிச்சை ஆனவர். நாற்பத்தொன்றாம் ஏட்டைத் திறக்கப் போகிறார் என்று ஜம்ஷீத் மூச்சைப் பிடித்தார். கானும் முதல் ஏட்டைத் திறந்தார்.

"ஹாஜி, அவசரமில்லையே?"

"உங்க காலடி மண்ணு நாங்க. சாயங்காலம் வரைக்கும் பாருங்க."

ஒவ்வொரு ஏடாகப் போனார். வரி வரியாகக் கண்ணாடி நகர்ந்தது. சில இடத்தில் நின்று, உதட்டை அசைத்து எதையோ எண்ணி, தன் மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஜம்ஷீத் எதிரில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதினைந்தாம் ஏட்டில் இப்போதே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார். இருபதில் ஹாஜி முகத்தைப் பார்த்தார். அந்த முகம் காஸ்ரூன் கல்யாணங்களை ஞாபகப்படுத்தியது. இருபத்தெட்டில் இன்னொரு யோசனை வந்தது: கவிஞரே நினைவு என்றுதான் எழுதியிருப்பார், பிரதி எழுதியவர்தான் ஒரு புள்ளியை விட்டுவிட்டார், என் மீசை அந்தப் பிழையைத் திருத்தியிருக்கிறது. முப்பத்தைந்தாம் ஏடு வரை அந்த யோசனையில் மிதந்தார். நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றே எழுதலாம் போலிருந்தது. பிறகு தன்னை நினைத்துத் தனக்கே கூசியது.

நாற்பத்தொன்று.

கானும் கண்ணாடியை இறக்கினார். பிறகு முகத்தையும் இறக்கினார், நேற்று ஜம்ஷீத் குனிந்த அதே அளவுக்கு. சுவரில் கடிகாரம் இல்லாத அறை அது; ஜம்ஷீத்துக்கு மட்டும் டிக்டிக் கேட்டது. கானும் ஏட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ரெண்டு புள்ளி," என்றார்.

ஹாஜி சந்தோஷமாகக் கனைத்தார்.

"அப்போ நினைவுதான். நீங்க சொன்னது சரி, உஸ்தாத். நான் முப்பது வருஷம் காத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்." சொல்லிக்கொண்டே மெய்ப்புத் தாளைப் புரட்டி அந்த வரியை எடுத்தார். 'காற்று' என்ற சொல்லின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். மேலே 'நினைவு' என்று எழுதினார். பிறகு முன்னுரைத் தாள்களை எண்ணிப் பார்த்தார், பதினேழு. அவற்றைத் தனியாக எடுத்து மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

ஜம்ஷீத் அந்தக் கவிழ்ந்த தாள்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்குறிப்பை நீங்களே எழுதுங்க," என்று கானும் பென்சிலை அவரிடம் நீட்டினார். "முதல்ல பாத்தது நீங்கதானே. பேரு உங்களோடதா இருக்கட்டும். ஹாஜி, நீங்க அச்சகத்துக்குப் போன் போடுங்க. முன்னுரை எட்டு நாள் கழிச்சுத் தர்றேன்னு சொல்லிடலாம்."

ஹாஜி பக்கத்து அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. எண் சுழற்றும் சத்தம் கேட்டது.

"எழுதுங்க," என்றார் கானும். "மிகப் பழைய பிரதியின் நாற்பத்தொன்றாம் ஏட்டில்..."

எழுதினார்.

"...இச்சொல்லின் அடியில் இரண்டு புள்ளிகள்..."

எழுதினார்.

"...மூலத்தின் மையிலேயே, தெளிவாக..."

பென்சில் நின்றது. அடுத்த அறையில் ஹாஜி, லைன் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி எண்ணைச் சுழற்றினார்.

"என்ன உஸ்தாத், 'தெளிவாக' புடிக்கலையா? 'ஐயத்துக்கிடமின்றி'ன்னு போடலாம். உங்க நடைக்கு அதுதான் பொருந்தும்." பிறகு, சம்பந்தமே இல்லாமல், "உங்க தங்கச்சி ஃபெசன்ஜான் பண்ணுவாளே, அது புளிப்பு தூக்கலா இருக்குமா, இனிப்பு தூக்கலா?" என்றார்.

ஜம்ஷீத் நிமிர்ந்து பார்த்தார். கானும் முகத்தில் அதே மரியாதை. பதினெட்டு வருடமாக அவர் எட்டிப் பார்க்க முடியாத அதே சாத்திய கதவு.

தப்பிக்க இன்னும் வழி இருந்தது. புளிப்பு என்றோ இனிப்பு என்றோ சொன்னால், கானும் மேலே கேட்கமாட்டார். இந்த ஊர் மரியாதை அப்படி. நீங்கள் ஒரு பொய்யை மேசைமேல் வைத்தால் அதற்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். செம்பதிப்பு வெளிவரும். அடிக்குறிப்பில் அவர் பெயர் இருக்கும். இனி நீம்ரூஸியைப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த வரியை மஹ்லகாவின் குழம்போடு சேர்த்துத்தான் படிக்கும்.

"ஹலோ, அச்சகமா?" என்றார் ஹாஜி அடுத்த அறையில்.

"வெச்சிடுங்க ஹாஜி," என்றார் ஜம்ஷீத். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "போனை வெச்சுட்டு இங்க வாங்க."

ஹாஜி வந்தார். ஜம்ஷீத் எழுந்து நின்றார். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரியாத மாணவன் நிற்பதுபோல நின்றார்.

"ஒரு புள்ளிதான். நேத்து நான் பாக்கும்போது ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டாவது என்னோடது. சாப்பிட்டுட்டு வந்து குனிஞ்சேன், மீசையில இருந்து குழம்பு சொட்டிடுச்சு. வேணும்னு பண்ணலை. ஆனா ரெண்டு இருக்குன்னு வேணும்னுதான் சொன்னேன்."

ஹாஜி அருகில் வந்து, ஜம்ஷீத்துக்கும் பிரதிக்கும் நடுவில் நின்றுகொண்டார். பிள்ளையைத் தெருநாயிடமிருந்து மறைக்கிற மாதிரி. ஏட்டை மூடினார். அவர் வாயில் அப்போது உபசார வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"மூணு மாசம்," என்றார். "மூணு மாசம் அலைஞ்சேன் இதுக்கு. அந்தக் குடும்பத்துக் கிழவரோட பேரன் சுன்னத்துக்கெல்லாம் போனேன். நீ குழம்பு ஊத்திட்டு, என்னை விட்டே ஊரெல்லாம் சொல்ல வெச்சிருக்கே."

முதல் முறையாக அவரை நீ என்றார். ஜம்ஷீத் தலையை ஆட்டினார். ஹாஜி பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு, நடந்ததைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு வருடம் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்றார். டெஹ்ரானிலிருந்து தாள் வைத்தியம் பார்க்கிறவரை வரவழைக்கும் செலவு உன்னோடது என்றார். எல்லாவற்றுக்கும் ஜம்ஷீத் சரி என்றார். எழுதினார். 'ஃபெசன்ஜான்' என்ற சொல் அந்தப் பதிவேட்டில் முதல் தடவையாக இடம்பெற்றது. ஹாஜி பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகத் திரும்பினார்.

"ஒரு நிமிஷம் ஹாஜி," என்றார் தூரான் கானும். "அதைக் கொஞ்சம் இங்க வைங்க. உஸ்தாத்துக்கு ஒண்ணு காட்டணும்."

முதல் ஏட்டைத் திறந்து பூதக்கண்ணாடியை ஜம்ஷீத் கையில் கொடுத்தார். மூன்றாவது வரியில் ஒரு சொல்லைத் தொடாமல் சுட்டினார். இரண்டு புள்ளி வரவேண்டிய சொல். புள்ளியே இல்லை. ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருந்தது. அடுத்த ஏட்டில் இன்னொன்று, அங்கேயும் கோடு. அதற்கடுத்த ஏட்டிலும் அப்படியே.

"இந்தப் பிரதியை எழுதினவரு வேகத்துல ரெண்டு புள்ளியைத் தனித்தனியா வைக்கவே மாட்டாரு," என்றார் கானும். "ஒரே இழுப்பா இழுத்துடுவாரு. நாப்பது ஏட்டுல முன்னூத்திப் பதினெட்டு இடம் எண்ணினேன். ஒரு இடத்துலகூட ரெண்டு புள்ளி பக்கத்துல பக்கத்துல உக்காரலை. அப்புறம் திடீர்னு நாப்பத்தொண்ணுல மட்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. நீங்க நேரா உங்க சொல்லைத் தேடிப் போயிட்டீங்க. எழுதினவரோட கையைப் பாக்கலை." மூக்கைத் தொட்டுக் காட்டினார். "அதோட, எழுபத்துமூணு வயசுல என் கண்ணு போச்சு. இது போகலை. மாதுளை வாசம் தெருக்கோடி வரைக்கும் வருது."

ஜம்ஷீத் கண்ணாடியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா அடிச்சீங்க? முப்பது வருஷத்தை?"

"பென்சில்லதானே அடிச்சேன்," என்று கானும் பையிலிருந்து அழிப்பானை எடுத்தார். 'நினைவு' போனது. காற்றின் மேலிருந்த கோடும் போனது. கவிழ்த்து வைத்த பதினேழு தாளையும் நிமிர்த்தி, விளிம்பு தட்டிச் சேர்த்தார். "நான் சொல்லிருந்தா உங்களைக் கையும் களவுமாப் புடிச்ச மாதிரி ஆயிடும். நீங்களே சொன்னா அது வேற. 'தெளிவாக'ங்கிற வார்த்தைக்கு மேல நீங்க போகமாட்டீங்கன்னு நினைச்சேன். அதுவரைக்கும் போனதே எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு."

ஹாஜி பிரதியைத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளறைக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது, பிறகு அதை இழுத்துப் பார்க்கும் சத்தம்.

ஜம்ஷீத் கோட்டை எடுத்தார். வாசல் வரை போனார். இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது ஒருவகைத் துணிச்சல். திரும்பி வந்து, நின்றபடியே கேட்டார்.

"என் புத்தகம் எப்படி இருந்துச்சு, கானும்?"

"உங்க கை..." என்று ஆரம்பித்தார் தூரான் கானும். பழக்கம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மோசம்," என்றார். "முதல் மூணு அத்தியாயமும் மோசம். கதவு சாத்தியிருந்ததாலதான் அது காத்து. நினைவுக்குக் கதவு எதுக்கு? திறந்திருந்தாலும் வரும், சாத்தியிருந்தாலும் வரும். சாத்தின கதவைத் தாண்டி வந்துச்சுன்னு நினைவை யாராவது ஆச்சரியப்படுவாங்களா? இது உங்களுக்குத் தெரியாம இல்லை. அதை எழுதின வருஷம்தான் உங்க மனைவி உங்களை விட்டுட்டு ஹம்பர்க் போனாங்க. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தது நீங்க. கவிஞர் உலகத்துக்குக் கதவடைக்கவே இல்லை. அதனாலதான் அப்போ சொல்லலை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

ஜம்ஷீத் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பல வருடமாக அழுத்திக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றிப் போட்டதுபோல இருந்தது.

"நாலாவது அத்தியாயம்," என்றார் கானும்.

"அது பதிப்பாளருக்காக..."

"பேச விடுங்க. இருநூத்திப் பன்னெண்டு கஸல்ல நிழல்ங்கிற சொல்லு ரெண்டே இடத்துலதான் வருதுன்னு கண்டுபிடிச்சது நீங்க. நண்பகல்காரன்னு பேரு வெச்சுக்கிட்டவன் நிழலே இல்லாத ஊரைக் கட்டினான்னு எழுதினீங்க. நாப்பது வருஷம் அவரைப் படிச்சேன், எல்லாத்தையும் பாத்தேன், இல்லாததை நான் பாக்கலை. பதினோரு வருஷம் அதை வகுப்புல நடத்தினேன், உங்க பேரைச் சொல்லாம. அந்த அத்தியாயம் நல்லா இருக்கு, ஜம்ஷீத். ரொம்ப நல்லா இருக்கு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."